பதினேழாவது கேமரா

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்தத் திங்கட்கிழமை காலை, நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன் நடுவில் நின்றபோது காது கொதித்தது. வாயைத் திறந்துதான் என்ன பயன்? அங்கே ஓடுகிற மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கூப்பிட்டாலே கேட்காது. அதனால் எங்கள் மில்லில் ஆபீஸுக்கு வெளியே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ வந்துவிட்டதா என்று அர்த்தம். மணிக்கட்டைத் தட்டினால் மணி என்ன. மீசையை முறுக்கினால், ஜி.எம். வருகிறார், ஒழுங்காக நில்லு.

அன்றைக்கு அந்த ஜி.எம்.மே எனக்கு ஒரு சைகை காட்டினார். புதிதாகப் பொருத்திய பதினேழாவது கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். கமிஷன் வாங்கினாயா?

வைண்டிங்கில் வேலை செய்கிற பன்னிரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். வாயால் கேட்டிருந்தால் ஒருத்திக்கும் கேட்டிருக்காது. கையால் கேட்டதால் பன்னிரண்டு பேருக்கும் புரிந்தது. அதில் மூத்தவரான பேச்சியம்மாள் அக்கா சட்டென்று குனிந்து ஓடாத கோனை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவர் குனிந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

என் பெயர் தமிழ்மதி. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் இருக்கிற ஒரு நூல் மில்லில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் இன்சார்ஜ். டிபார்ட்மெண்ட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான், எனக்குக் கீழே மணிமாறன் என்று ஒருவர், ஒரு சர்வர், அந்தச் சர்வருக்கு ஒரு ஏ.சி. எங்களுக்கு ஃபேன்தான்.

இந்தச் சர்வரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நூலைக் கோனில் சுற்றும்போது அதில் சாக்குப் பிசிறு, தலைமுடி, கலர் இழை எது கலந்திருந்தாலும் கண்டுபிடித்து வெட்டிவிட மெஷினுக்கு மெஷின் கேமரா வைப்பதாக முடிவானது. முதலில் பதினாறு கேமரா, அவை சரியாக ஓடினால் இன்னும் பதினாறு. முப்பத்திரண்டு கேமராவும் அனுப்புகிற படங்களை ஒரே சர்வர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். நான் ஒரு மாதம் படித்து, நாலு பேரிடம் விசாரித்து, பதினாறு கோர் இருக்கிற ஒரு பிராசசரைச் சொன்னேன். "முப்பத்திரண்டு கேமராவுக்குப் பதினாறு கோர் எப்புடிம்மா பத்தும்?" என்று ஜி.எம். அப்போதே கேட்டார்.

ஜி.எம். முத்துக்கிருஷ்ணன் பதினாறு வயதில் இதே மாதிரி ஒரு மில்லில் கோன் பொறுக்கிப் போடுகிற வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். அவருக்குக் கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் ஏறாது, மில் பாஷையில் சொன்னால் நமக்கு முன்னால் போய்விடுவார்.

"சார், நம்ம ஸ்பின்னிங்ல ஒரு பொண்ணு மெஷின்ல ரெண்டு சைடு பாக்குதுல்ல? ஒரு சைடுல நூலு அறாம ஓடுறப்ப சும்மா நிக்காம திரும்பி எதிர் சைடப் பாக்குதுல்ல? அதே மாதிரிதான். ஒரு கோரு ஒரு வேலைக்கு வேண்டிய தகவல் வந்து சேர்ற வரைக்கும் சும்மா நிக்கும். அந்த நேரத்துல இன்னொரு வேலைய எடுத்துக்கும். ஆளு பதினாறு, சைடு முப்பத்திரண்டு."

"அப்ப யாரு எந்த சைடுன்னு பிரிச்சு விட மேஸ்திரி வேணும்ல?"

"சர்வர ஓட்டுற லினக்ஸுதான் சார் மேஸ்திரி. இந்த ரெண்டு சைடும் ஒரே ஆளுதான்னு அதுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேலை பிரிக்கும்."

அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். மார்ச்சில் சர்வர் வந்தது. ஏப்ரலில் முதல் பதினாறு கேமரா ஓடத் தொடங்கி, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆகஸ்டில் மீதிப் பதினாறையும் பொருத்தினோம். ஒவ்வொரு கேமராவின் புரோகிராமுக்கும் ஒரு சைடு என்று நம்பர் போட்டு வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை ஜி.எம். முன்னால் பதினேழாவதைத் தொடங்கினேன். தொடங்கவில்லை. பதினெட்டு, தொடங்கவில்லை. முப்பத்திரண்டு வரை ஒன்றுகூட அசையவில்லை. அப்படி ஒரு சைடே இங்கே இல்லை என்றது லினக்ஸ். கோருக்கு எத்தனை த்ரெட், அதாவது எத்தனை சைடு என்று கேட்டேன், ஒன்று என்றது. இரட்டையாக ஓட்டுகிற வசதி என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். 'நாட் சப்போர்ட்டட்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது.

அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆதரவே இல்லையாம். அந்தச் சொல்லை ஜி.எம். என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம்தான் வைண்டிங்குக்குக் கூட்டிப்போய் அந்த விரல் உரசல்.

ஆபீஸுக்கு வந்ததும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"தமிழு, கோன்ல நாப்பதாம் நம்பர்னு லேபிள் ஒட்டியிருக்கும். உள்ள முப்பதாம் நம்பர் நூலு இருக்கும். நான் எத்தனை பாத்திருக்கேன்! அது மாதிரி பேரு ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னு தள்ளி விட்டுருக்கானுங்க. ஒண்ணு உனக்குத் தெரியாம நடந்துருக்கணும், இல்ல தெரிஞ்சு நடந்துருக்கணும்."

"சார், மார்ச்சுல நான் பாத்தப்ப முப்பத்திரண்டு இருந்துச்சு."

"எங்க எழுதி வச்சிருக்க?"

எங்கும் எழுதி வைக்கவில்லை. பார்த்தேன், சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்.

"புதன்கிழமை காலைல கோயம்புத்தூர்லருந்து சர்வர் வித்தவுக ஆளு வாரான். மூடியக் கழட்டிப் பாப்போம். உள்ள இருக்குறது தப்பான சரக்கா இருந்தா, நீ வேற எடம் பாத்துக்கம்மா. ஒம்பது வருஷத்துக்காகத்தான் இம்புட்டு நேரம் பேசுறேன்."

சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டு, பயாஸ் மெனுவில் பார்த்துவிடுகிறேன் என்றேன். பயாஸ் என்பது லினக்ஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் வருகிற அடிப்படை அமைப்பு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் சர்வரை நிறுத்தியாக வேண்டும். "ஓடுற பதினாறையும் அணைக்கப் போறியா? லோடுக்கு லாரி நிக்குது" என்று அவர் ஃபைலைத் திறந்துகொண்டார். எழுந்து போ என்று அர்த்தம்.

சர்வரை விற்ற கோயம்புத்தூர் தண்டாயுதபாணிக்குப் போன் போட்டேன். அவர் எப்போதும் போலத் தேனாகத்தான் பேசினார்.

"ஏனுங்க மேடம், நாங்க அப்படிப் பண்ணுவமுங்களா? பெட்டிய உங்க முன்னாடிதானுங்க பிரிச்சோம்."

"அப்ப நாட் சப்போர்ட்டட்னு ஏன் வருது?"

"அப்படி வந்தா பிராசசர்லயே அந்த வசதி இல்லீங்கன்னு அர்த்தமுங்க."

"நீங்க குடுத்த பிராசசர்ல இருக்கா இல்லையா?"

"இருக்குதுங்க. நாங்க குடுத்ததுல இருக்குதுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கப்புறம் உங்க எடத்துல யாராச்சும் மாத்தினாங்களான்னு எனக்குத் தெரியாதுங்களே."

திருடி என்பதை -ங்க போட்டுச் சொன்னாலும் திருடிதான். போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நாகல் நகரில் இருக்கிற வீட்டுக்கு வந்து, என் கணவர் கண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, "நெசமாவே வாங்கலியே?" என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று எனக்கும் தெரியும். அன்று ராத்திரி அவருக்குச் சோறும் ரசமும்தான், வெஞ்சனம் கிடையாது. ஆனால் சிரிப்பு அடங்கி அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது நான் அழுதுவிட்டேன். வேலை போனால் இன்னொரு வேலை. 'மில்லுல கம்ப்யூட்டர் பாத்துச்சே அந்தப் பொண்ணு, கமிஷன் அடிச்சு வெளிய போச்சு' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதை எங்கே போய்த் துடைப்பது? இந்த ஊரில் மில்லுக்கு மில் தெரிந்தவர்கள்தான்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் மூளை வேலை செய்தது. கோபத்தில் நான் எவ்வளவு முட்டாளாகிவிடுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. நான் எழுதி வைக்கவில்லை, சரி. லினக்ஸ் எழுதி வைத்திருக்குமே! ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும், இன்றைக்கு இத்தனை சி.பி.யூ.வை, அதாவது இத்தனை சைடை எழுப்பினேன் என்று அது ஒரு வரி எழுதும். மேஸ்திரி காலையில் வந்ததும் ஆள் கணக்கு எடுக்கிற மாதிரி. ஷிப்டுக்கு ஷிப்ட் அந்த வருகைப் பதிவு அங்கேயே கிடக்கும், யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

பையைக்கூட இறக்கி வைக்காமல் பழைய பதிவுகளைத் திறந்தேன். சர்வர் வந்ததிலிருந்து ஐந்து முறைதான் புதிதாக எழுந்திருக்கிறது. மார்ச்: முப்பத்திரண்டு. ஏப்ரல்: முப்பத்திரண்டு. மே: முப்பத்திரண்டு. நான்காவது, ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால்: பதினாறு. ஜூலையிலும் பதினாறு.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து, ஆட்கள் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிராசசர் நல்ல பிராசசர். நான் ஏமாறவில்லை, ஏமாற்றவில்லை. முதல் பதினாறு கேமராவுக்குப் பதினாறே போதும் என்பதால் இரண்டு மாதமாக யாருக்கும் தெரியவில்லை. ஒரு முழு நாளாக மார்பில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துச் செத்த நேரம் கிடந்தேன்.

பிறகு காது சூடானது. சரி, ஜூனில் எவன் கை வைத்தான்?

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அன்று நான் மில்லிலேயே இல்லை. ஆயக்குடியில் நாத்தனார் வீட்டு விசேஷம், கொய்யாப்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். மில்லில் அன்று பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் கிடையாது. மின்தடை நாளில் என்னென்ன வரிசையாகச் செய்ய வேண்டும் என்று ஒரு லிஸ்ட் உண்டு. அதை நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் செய்தவர் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த ஃபைல் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் முகமது பாரூக்கிடம் இருக்கும்.

"பாய், ஜூன் மாசத்து ஷட்டவுன் லிஸ்ட்டக் குடுங்க."

"என்னா தங்கச்சி, காலங்காத்தால போலீஸு மாதிரி வாரே?" என்றபடி எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு இரண்டு பேர்தான் டிக் போட்டிருந்தார்கள். பேக்கப், சர்வர் நிறுத்தம் இரண்டும் மணிமாறன். ஜெனரேட்டர் பாரூக் பாய். சர்வரைத் தொட்டது மணிமாறன் ஒருவர்தான். அவரைத் தேடிக்கொண்டு போனேன்.

மணிமாறனுக்கு நாற்பத்தொரு வயது, என்னைவிட எட்டு வயது பெரியவர். பெங்களூரில் பதினேழு வருஷம் பெரிய பெரிய சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர். கம்பெனி ஒரே நாளில் முந்நூறு பேரை அனுப்பியபோது அதில் இவரும் ஒருவர். மே மாதம் எங்களிடம் சேர்ந்தார். ஆறு மாதம் புரொபேஷன். சின்னாளப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனுஷன் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார், ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல்.

"சார், ஜூன் ஷட்டவுன் அன்னிக்கு பயாஸ்ல எதையாச்சும் தொட்டீங்களா?"

"ஆமா மேடம். ஹைப்பர் த்ரெடிங்க ஆஃப் பண்ணேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஹைப்பர் த்ரெடிங் என்பதுதான் அந்த இரண்டு சைடு பார்க்கிற வசதிக்கு பிராசசர்காரர்கள் வைத்த பெயர்.

"ஏன் சார்? யாரு சொன்னா?"

"லிஸ்ட்ல இருந்துச்சே மேடம்." என் கையிலிருந்த தாளை வாங்கி, மூன்றாவது வரியில் விரல் வைத்தார். "இந்தா பாருங்க. எச்.டி. ஆஃப்."

எச்.டி. ஆஃப்.

மில் வைத்திருக்கிற எவரிடம் வேண்டுமானாலும் போய் எச்.டி. என்றால் என்னவென்று கேளுங்கள். ஹை டென்ஷன், உயரழுத்த மின்சாரம். மில்லுக்கு வருகிற லைன் எச்.டி. லைன், மில்லுக்குக் கொடுத்திருப்பது எச்.டி. சர்வீஸ், அதை நிறுத்துகிற பெரிய சுவிட்ச் எச்.டி. பிரேக்கர். வாட்ச்மேனுக்குத் தெரியும், கேண்டீனில் வடை போடுகிறவருக்குத் தெரியும். இந்த மில்லில் ஒன்பது வருஷத்தில் எச்.டி.க்கு வேறு அர்த்தம் நான் கேட்டதே இல்லை. மணிமாறன் பதினேழு வருஷம் சர்வர் அறைகளிலேயே இருந்தவர். அங்கே எச்.டி. என்றால் ஹைப்பர் த்ரெடிங், அதற்கும் வேறு அர்த்தம் கிடையாது.

"சர்வர அணைன்னு ரெண்டாவது வரில இருந்துச்சு, அணைச்சேன்," என்றார் மணிமாறன். "மூணாவது வரில எச்.டி. ஆஃப்னு இருந்துச்சு. மறுபடி யூ.பி.எஸ்.ல போட்டு, பயாஸுக்குள்ள போயி, அத ஆஃப் பண்ணிட்டு, திருப்பி அணைச்சேன். ஏன் இப்புடித் தலையச் சுத்தி மூக்கத் தொடுறாங்கன்னு தோணுச்சு. ஆனா பெங்களூர்ல பேங்க் சர்வர்ல எல்லாம் பாதுகாப்புக்காக அத ஆஃப் பண்ணித்தான் வைப்போம் மேடம். ஒரே கோர்ல ரெண்டு வேலை ஓடுனா ஒண்ணு இன்னொண்ண எட்டிப் பாக்குற ஆபத்து இருக்கு. பரவாயில்லையே, மில்லுலகூட இம்புட்டு செக்யூரிட்டி பாக்குறாங்களேன்னு பெருமையா இருந்துச்சு."

"சரி சார். கீழ ஒம்பதாவது வரில எச்.டி. ஆன்னு இருக்கே? அத ஏன் பண்ணல?"

"அதுல ஏற்கெனவே டிக் போட்டிருந்துச்சு மேடம். பாய் கையெழுத்து."

"நாந்தான் போட்டேன்," என்றார் பின்னாலேயே வந்திருந்த பாரூக் பாய். "காலைல பிரேக்கர அணைக்கப் போறப்பவே மேல டிக் இருந்துச்சு, அணைச்சிட்டு வந்துட்டேன். அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துச்சு. பிரேக்கரப் போட்டேன், டிக் அடிச்சேன். அதுல என்னா தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல பாய்," என்றார் மணிமாறன் பணிவாக. "எலெக்ட்ரீசியன்கூட பயாஸ் பாக்குற மில்லுன்னு நெனச்சேன்."

நான் சிரித்திருக்க வேண்டும். பிறகு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆஃப்' என்று எழுதும்போது ஆய்த எழுத்தை மூன்று பெரிய பொட்டாக அழுத்தி வைக்கிற பழக்கம் இந்த மில்லில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. லிஸ்ட்டை எழுதியது நான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பழைய சர்வர் இருந்தபோது, பாரூக் பாயின் வேலையையும் என் வேலையையும் ஒரே தாளில் கலந்து, எது யாருக்கு என்றுகூடப் பிரிக்காமல் எழுதி, கண்ணாடி உறை போட்டு, சர்வர் அறைக் கதவில் நானே ஒட்டியது.

காது ஆறிப்போனது. மணிமாறன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், ஜி.எம். கேட்டா என் பேரச் சொல்லித்தான் ஆகணும்ல? புரொபேஷன் இன்னும் மூணு மாசம் இருக்கு. மூத்தவ இப்பதான் பதினொண்ணாப்பு சேந்துருக்கா."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு நல்ல எண்ணம் மட்டும் வரவில்லை. அவர் பெயரைச் சொன்னால் நான் சுத்தமாக வெளியே வந்துவிடுவேன். அதுவும் பொய் இல்லை, ஆஃப் செய்தது அவர்தானே. அல்லது இந்த ஃபைலையே காட்டாமல், ஏதோ செட்டிங் மாறிக் கிடந்தது, சரி பண்ணிவிட்டேன் சார் என்று முடித்துவிடலாம். அந்த யோசனை ஒரு நிமிடம் நன்றாகவே இருந்தது. ஆனால் நேற்று முழுக்க 'என்னை நம்பாமல் போய்விட்டாரே' என்று குமுறியவள், இன்றைக்கு அவர் நம்பக் கூடாத மாதிரி எப்படி நடப்பது? தாளை எடுத்துக்கொண்டு தனியாகவே போனேன்.

ஜி.எம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக லிஸ்ட்டைப் படித்தார். முதலில் லினக்ஸ் பதிவைக் காட்டினேன். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, பதினாறு. பிறகு மூன்றாவது வரியைக் காட்டினேன்.

"எச்.டி. ஆஃப். சரி. ஷட்டவுன்னா எச்.டி. ஆஃப் பண்ணத்தான வேணும்?"

"சார், கம்ப்யூட்டர்ல இன்னொரு எச்.டி. இருக்கு."

"என்னா அது?"

"அந்த ரெண்டு சைடு பாக்குற விஷயம். அதுக்கும் சுருக்கமா எச்.டி.ன்னுதான் பேரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எவன் வச்ச பேரு?"

"அது... வெளிநாட்டுல சார்."

"ஒரு மில்லு ஆளக் கேட்டுட்டு வச்சிருக்கலாம்ல?" என்றார் உண்மையான எரிச்சலோடு. பிறகு, "அப்ப நாட் சப்போர்ட்டட்னு அது ஏன் பொய் சொல்லுச்சு?"

"பொய் இல்ல சார். பயாஸ்ல அடைச்சு வச்சிட்டா, ரெண்டாவது சைடு இருக்குறதே லினக்ஸுக்குத் தெரியாது. மேஸ்திரிகிட்ட ஒரு பொண்ணு ஒரு சைடுதான் பாக்கும்னு சொல்லிவிட்டா, அவரு அம்புட்டுத்தான் போடுவாரு."

"ம்." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. "யாரு ஆஃப் பண்ணது?"

"லிஸ்ட்ல இருந்ததச் செஞ்சிருக்காங்க சார். லிஸ்ட்ட எழுதுனது நான். தப்பு என்னோடது."

அவர் என்னை நேராகப் பார்த்தார். டிக் பக்கத்தில் மணிமாறன் கையெழுத்து பளிச்சென்று இருக்கிறது, அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமிஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாலு மணிக்கு ஷிப்ட் மாறுறப்ப பத்து நிமிஷம் தாரேன். ஓடுனா ஓடட்டும். ஓடலைன்னா நாளைக்கு மூடியக் கழட்டுறதுதான்," என்று தாளை என்னிடமே கொடுத்தார்.

நாலு மணி வரை நான் சாப்பிடவில்லை. பாரூக் பாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணியில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார், வாசனையே பயமாக இருந்தது. பதிவு சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று என்று ஆகிவிட்டால்? இந்த இரண்டு மாதத்தில் அந்தப் பாதி பழுதாகியிருந்தால்?

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. ஓடுகிற பதினாறு கேமராவையும் நிறுத்தினேன், சர்வரை நிறுத்தினேன், போட்டேன். பயாஸ் மெனுவில் மணிமாறன் நேராக அந்த இடத்துக்கே கூட்டிப்போனார். ஹைப்பர் த்ரெடிங்: டிஸேபிள்ட். பார்த்ததும் அவர்தான் முதலில் மூச்சு விட்டார். மாற்றிச் சேமித்தேன். இந்தப் பெரிய சர்வர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி உடனே எழுந்துவிடாது. மெமரியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, காற்றாடிகளைப் பேய் மாதிரி அலறவிட்டு, சாவகாசமாகத்தான் வரும். நாலு நிமிடம். ஐந்து. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பாரூக் பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். நான் பழனி முருகனைக் கூப்பிட்டேன், மணிமாறன் யாரைக் கூப்பிட்டாரோ தெரியாது.

லினக்ஸ் எழுந்தது. எத்தனை சி.பி.யூ. என்று கேட்டேன்.

முப்பத்திரண்டு. கோருக்கு இரண்டு த்ரெட்.

மணிமாறன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "அல்லா" என்றார் பாய். எனக்குக் கண்ணும் மூக்கும் ஒரே நேரத்தில் ஒழுகியது. முதல் பதினாறு கேமராவையும் தொடங்கி, பதினேழைத் தொடங்கினேன். தொடங்கியது. முப்பத்திரண்டு வரை ஒரே மூச்சில் தொடங்கிவிட்டு, மணிமாறனைத் திரையில் கண் வைக்கச் சொல்லிவிட்டு வைண்டிங்குக்கு ஓடினேன்.

புது ஷிப்ட் உள்ளே வந்து பழைய ஷிப்ட் வெளியே போகிற நேரம், இரண்டு ஷிப்ட் ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கி, காது அடைக்கிற அந்தச் சத்தம் வந்துவிட்டது. பதினேழாவது கேமராவில் பச்சை விளக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னதாக ஒரு துள்ளல், எங்கோ ஒரு சாக்குப் பிசிறைக் கண்டுபிடித்து நூலை வெட்டியது. பேச்சியம்மாள் அக்கா அந்தத் துண்டை எடுத்து விரலில் சுற்றி என் முகத்துக்கு நேரே காட்டினார். பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். நேற்று குனிந்த முகம்.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண் மீசையை முறுக்கிக் காட்டினாள்.

திரும்பிப் பார்த்தேன். ஜி.எம். செக்‌ஷன் வாசலில் நின்றார். வரிசையாக எரிந்த பச்சை விளக்குகளைக் கடைசி வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நேரே வந்து ஏதாவது சொல்வார், அல்லது ஆபீஸுக்கு வா என்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். எங்களுக்கு நடுவே ஐம்பது அடி, இரண்டு வரிசை மெஷின்கள், இரண்டு ஷிப்ட் ஜனம். அவர் இருந்த இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் தூக்கி, கோயிலில் சாமி முன்னால் போட்டுக்கொள்கிற மாதிரி, தன் கன்னத்தில் மெல்லப் போட்டுக்கொண்டார். தப்பு, தப்பு.

ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

வேண்டாம் சார், போதும் என்று நான் அவசரமாகக் கையை ஆட்டினேன். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு, எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்து, இன்னொரு தடவை போட்டுக்கொண்டார்.